வீட்டுக் கணினியை ஓடவிடுவதா, நிறுத்துவதா: ராயபுரத்துக் குறிப்புகள்

வாசகர் கேள்வி, 6 அக்டோபர் 2024

தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் மகனுடைய மேசைக் கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறுத்தச் சொன்னால், “அடிக்கடி நிறுத்தி நிறுத்திப் போட்டால்தான் ஹார்ட் டிஸ்க் கெடும், பெரிய சர்வர்களை யாராவது நிறுத்துகிறார்களா?” என்கிறான். என் கணவரோ படுக்கப் போகும்போது பிளக்கையே பிடுங்கிவிடுகிறார். இவர்களில் யார் செய்வது சரி?

6 அக்டோபர், இரவு

மகன் சொல்வது ஒரு காலத்தில் எடுபட்ட வாதம். கணவர் செய்வது, எப்போது பிடுங்குகிறார் என்பதைப் பொறுத்தது. கணினி முழுதாக நின்ற பிறகு பிடுங்கினால் நல்லது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் அதைவிடக் கெடுதல் வேறில்லை.

சர்வர் உவமை இங்கே பொருந்தாது. சர்வர் அறையில் இராப்பகலாகக் குளிர்சாதனம் ஓடும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும், பெட்டிக்குள்ளேயே இரண்டு பவர் சப்ளைகள் இருக்கும். தண்டையார்பேட்டை வீட்டில் அந்த அறை மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும். மே மாதத்தில் நள்ளிரவுக்குப் பிறகும் சுவரைத் தொட்டால் சுடும். ஓடவிடலாமா என்ற கேள்விக்குப் பிற ஊர்க்காரர்கள் எழுதிவைத்த பதில்கள் நம்மிடம் வந்து பிழையாகிவிடுவது இதனால்தான்.

7 அக்டோபர்

ஹார்ட் டிஸ்க் பற்றிய அச்சத்தை முதலில் தீர்த்துவிடலாம். மேசைக் கணினி வட்டுகள் பொதுவாக 50,000 முறை நின்று கிளம்புவதைத் தாங்கும் என்று தயாரிப்பாளர்களே தரவுத்தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். ஒருவர் நாளுக்குப் பத்து முறை நிறுத்திப் போட்டாலும் அந்தக் கணக்குத் தீர 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் அந்தக் கணினியை எந்தக் கல்லூரி மாணவனும் வைத்திருக்க மாட்டான். சில்லுகளில் பதிந்துவைக்கும் எஸ்.எஸ்.டி. என்றால் சுழலும் தட்டே கிடையாது, ஆகவே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சூடேறி ஆறுவதால் பற்றவைப்புகள் விட்டுப்போகும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. உலோகம் விரிந்து சுருங்கும்போது ஈயப்பற்று களைப்படைகிறது. ஆனால் அதே அளவையில் மறுபக்கத்தையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். மதர்போர்டிலும், கணினிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் உள்ள மின்பகு கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையில் பழகிப்போன கணக்கு. குளிர்நாட்டில் அறை 20 டிகிரியில் இருக்கும். நம் அறையோ கத்திரி வெயில் காலத்தில் 36, 37 வரை போகிறது. எனவே ஓயாமல் ஓடுவதற்கு நாம் கொடுக்கும் விலை அவர்கள் கொடுப்பதைப் போல இரண்டு, மூன்று மடங்கு.

9 அக்டோபர்

எவ்வளவு மின்சாரம் என்று பெரம்பூர் வாசகர் கேட்கிறார். பெட்டியின் மேல் 450 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மிரண்டிருக்கிறார். அது எஸ்.எம்.பி.எஸ். அதிகபட்சமாகத் தரக்கூடிய அளவு. சும்மா இருக்கும் சாதாரணக் கணினி அதில் சிறு பகுதியைத்தான் எடுக்கும்.

இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஈ.பி. மீட்டரின் முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும். அதன் அருகே ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். பல வீடுகளில் அது 3200. வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு (பிரிட்ஜையும்தான்), கணினியை மட்டும் ஓடவிட்டு, ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையே எத்தனை நொடி என்று கைப்பேசியில் பாருங்கள். 1125ஐ அந்த நொடிகளால் வகுத்தால் வாட் கிடைத்துவிடும். மீட்டரில் எண் 1600 என்றிருந்தால் 2250ஐ வகுக்க வேண்டும்.

என் வீட்டில், திரையை அணைத்துவிட்டுப் பெட்டி மட்டும் சும்மா ஓடும்போது 19 நொடிக்கு ஒருமுறை மின்னியது. அதாவது 60 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. கணினியை அணைக்காமல் உறங்கவைக்கும் ஸ்லீப்பில் போட்டுவிட்டு நின்றபோது அடுத்த மின்னல் வரவே இல்லை போலிருந்தது. மூன்று வாட் என்றால் ஆறு நிமிடத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். கீழ்வீட்டுப் பெரியவர், மீட்டர் பெட்டி எதிரில் கைப்பேசியோடு நின்ற என்னிடம், “பில் கட்டவில்லையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

10 அக்டோபர்

வியாசர்பாடியிலிருந்து ஒருவர், ஸ்கிரீன் சேவர் ஓடினால் மின்சாரம் மிச்சம்தானே என்கிறார். இல்லை. பழைய குழாய்த் திரையில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் பாஸ்பரில் தடம் பதிந்துவிடும் என்பதற்காக வந்தது அது. இன்றைய தட்டைத் திரையில் ஸ்கிரீன் சேவர் ஓடும்போதும் பின்னுள்ள விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். முப்பரிமாணப் படம் என்றால் பெட்டியும் கூடுதலாக உழைக்கும். திரை தானாக அணையும்படி வைத்தால் போதும்.

13 அக்டோபர்

பில் கணக்கு. பயன்படுத்தாத நேரம் நாளுக்கு 16 மணி என்று கொள்வோம். 60 வாட் வீதம் இரண்டு மாதத்துக்கு 57.6 யூனிட். அதே நேரத்தை ஸ்லீப்பில் கழித்தால் மூன்று யூனிட்டுக்கும் குறைவு. முழுதாக நிறுத்தி, சுவர் சுவிட்சை மட்டும் போட்டுவைத்தால் ஒரு யூனிட் அளவில் நிற்கும். ஸ்லீப்புக்கும் நிறுத்துவதற்கும் இடையே பணத்தில் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். வேறுபாடெல்லாம் சும்மா ஓடவிடுவதில்தான்.

57 யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் என்பது நீங்கள் எந்தக் கட்டணப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2024 கட்டணப்படி, 200க்கும் 400க்கும் இடையில் இருப்பவருக்கு யூனிட் ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு என்பதால், 270 ரூபாய் அளவில் முடிந்துவிடும். 480இல் நின்றிருக்க வேண்டிய வீடு கணினியால் 530ஐத் தொடும்போதுதான் வயிற்றெரிச்சல். 500ஐத் தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போவதோடு, 101 முதல் 200 வரைக்கும் இருந்த சலுகை விலையும் பின்னோக்கிப் பறிபோகிறது. கூடுதலாக ஓடியது 50 யூனிட், கூடுதலாகக் கட்டுவதோ 600 ரூபாயைத் தாண்டிவிடும். கோடையில் ஏ.சி. ஓடும் வீடுகளில் இந்த 500 என்ற கோட்டைத் தாண்ட வைப்பது எது என்று கேட்டால் எல்லாரும் ஏ.சி.யைத்தான் காட்டுவார்கள், மூலையில் ஓசையில்லாமல் ஓடுவதை ஒருவரும் காட்டுவதில்லை.

16 அக்டோபர்

செவ்வாய்க்கிழமை மழையில் எங்கள் தெருவில் கரண்ட் போய்ப் போய் வந்தது. இந்த விவாதத்தில் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது இதுதான் என்று அப்போது தோன்றியது.

நிறுத்துவதால் ஏற்படும் தேய்மானமா, ஓடுவதால் ஏற்படும் தேய்மானமா என்பதெல்லாம் மின்சாரம் சீராக இருக்கும் ஊரின் கவலை. நம் கணினிகளைக் கொல்வது, யாரும் பார்க்காத நேரத்தில் மின்சாரம் போவதும் அதைவிட அது திரும்பி வரும் விதமும். தெரு முழுவதும் உள்ள பிரிட்ஜுகளும் மோட்டார்களும் ஒரே நொடியில் இழுக்கும்போது மின்னழுத்தம் தாழ்ந்து, எகிறி, பிறகு நிதானப்படுகிறது. யூ.பி.எஸ். இருக்கிறதே என்பீர்கள். பெரும்பாலான வீடுகளில் இருப்பது 600 வி.ஏ. யூ.பி.எஸ்.; உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி. புதிதாக இருக்கும்போது கால் மணி நேரம் தாங்கும். சென்னை வெப்பத்தில் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அது தாங்குவது அலறுவதற்கு மட்டும்தான். விழித்திருந்தால் அந்த அலறலைக் கேட்டு முறையாக நிறுத்துவீர்கள். இரவு மூன்று மணிக்கு யார் கேட்பது? பேட்டரி தீர்ந்ததும், எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்க, கணினி அறுபட்டுப் போகிறது.

கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரலின் அமைப்பில், மின்சாரம் போய்த் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தேர்வு உண்டு. அது தானாகக் கிளம்பும்படி வைக்கப்பட்டிருந்தால், கரண்ட் வந்து வந்து போகும் இரவில் கணினி ஒவ்வொரு முறையும் கிளம்பிக் கிளம்பிச் செத்துக்கொண்டிருக்கும். அதை அணைந்தே இருக்கும்படி மாற்றிவிடுங்கள்.

16 அக்டோபர், சற்றுப் பிறகு

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தைப் பாருங்கள். பல மாடல்களில் சாதாரணம், யூ.பி.எஸ். என்று இரண்டு நிலை கொண்ட சுவிட்ச் இருக்கும். சாதாரண நிலையில் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தை விசிறி பொறுத்துக்கொள்ளும், கணினி பொறுக்காது.

17 அக்டோபர்

கொருக்குப்பேட்டை நண்பர் கேட்கிறார்: கரண்ட் போனால் ஸ்லீப்பில் இருப்பதும்தானே போய்விடும்? ஸ்லீப் என்பது எல்லாவற்றையும் தற்காலிக நினைவகமான ரேமில் மட்டும் தக்கவைத்துக்கொண்டு மற்றவற்றை அணைப்பது. மின்சாரம் அற்றால் ரேமில் உள்ளது போய்விடும் என்பது சரி. ஹைபர்னேட் என்பது அதையெல்லாம் வட்டில் எழுதிவைத்துவிட்டு முழுதாக அணைவது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஹைபிரிட் ஸ்லீப் என்ற ஒன்று விண்டோஸில் உண்டு. வட்டிலும் எழுதிவிட்டு, ரேமையும் விழிப்பாக வைத்திருக்கும். கரண்ட் போனால் வட்டிலிருந்து எழும், போகாவிட்டால் உடனே எழும். வடசென்னைக்காகவே யாரோ யோசித்துச் செய்ததுபோல இருக்கிறது.

22 அக்டோபர்

காசிமேட்டிலிருந்து வந்த கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: உப்புக்காற்றில் எது நல்லது?

எங்கள் தெருவிலிருந்து கடல் தொலைவில் இல்லை. சன்னல் கம்பி, சைக்கிள் சங்கிலி, பூட்டு எல்லாம் என்ன ஆகின்றன என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கணினியில் அது முதலில் ரேம் பட்டையின் தொடுமுனைகளில் தெரியும். கணினி கிளம்பாமல் பீப் பீப் என்று கத்தும். கடைக்காரர் வந்து ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகி, 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போவார். அவர் செய்தது மந்திரமில்லை. தொடுமுனையில் படிந்த கறையை நீக்கினார். மழைக்காலத்தில் இந்த அழைப்புகள்தான் தனக்குச் சோறு போடுகின்றன என்று ஒருவர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

உப்பு உலர்ந்திருக்கும்வரை பெரிதாக ஒன்றும் செய்யாது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அந்த மெல்லிய உப்புநீர்ப் படலம்தான் செம்பை அரிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் இங்கே ஈரப்பதம் அந்த அளவுக்கு மேல்தான் நிற்கும். ஓடும் கணினியின் உள்ளே வெதுவெதுப்பாக இருப்பதால் அங்கே ஈரப்பதம் குறைந்து உப்பு உலர்ந்தே கிடக்கும். இந்த ஒரு கணக்கில் மகன் பக்கம் நியாயம் இருக்கிறது.

23 அக்டோபர்

நேற்று எழுதியதை இரவு மீண்டும் யோசித்தேன். ஓடும் கணினி உலர்ந்திருக்கிறது என்பது சரி, ஆனால் அதன் விசிறி ஓயாமல் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றோடுதான் உப்பும் தூசும் வருகின்றன. ஆகவே எந்நேரமும் ஓடுவது உப்பைச் சேர்க்கிறது; வாரக்கணக்கில் அணைந்து கிடப்பது சேர்ந்த உப்பை நனைய விடுகிறது. இரண்டுக்கும் நடுவே, நாளும் சில மணி நேரம் ஓடி மற்ற நேரம் அணைந்திருப்பதே இந்தக் கரைக்கு ஏற்றது. மழைக்காலத்தில் ஊருக்குப் போய்த் திரும்பியவர்களின் கணினிதான் ரப்பர் கடைக்காரரைத் தேடுகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

தூசு பற்றி ஒரு பக்கக் குறிப்பு. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய நாட்களில் ராயபுரத்தில் கபினெட்டைத் திறந்தால் விசிறி இறக்கைகளில் படிந்திருப்பது கறுப்பாக இருக்கும். சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2011இல் நிலக்கரியும் இரும்புத்தாதும் எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயின. அதன்பிறகு எங்கள் விசிறித் தூசு சாம்பல் நிறத்துக்கு வந்தது. எண்ணூர்க்காரர்கள் தங்கள் விசிறி எந்த நிறத்தில் இருக்கிறது என்று எழுதினால் நல்லது.

3 நவம்பர்

தினமும் ஷட் டவுன் செய்தும் டாஸ்க் மேனேஜர் “11 நாளாக ஓடுகிறது” என்று காட்டுவதாக ஒருவர் கொதித்திருக்கிறார். கணினி பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 8 முதல் வேகத் தொடக்கம் என்ற வசதி இயல்பாகவே இயங்குகிறது; ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் நிரல்களை மூடிவிட்டு, இயங்குதளத்தின் உட்கருவை மட்டும் வட்டில் உறையவைக்கிறது. மறுநாள் அதையே உருக்கி எடுக்கிறது. உண்மையில் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட் மட்டுமே. வாரம் ஒருமுறை அதைச் செய்தால், நினைவகத்தைக் கசியவிடும் நிரல்களின் கழிவு நீங்கும், காத்திருக்கும் அப்டேட்டுகளும் முடியும்.

இதற்கு ஒரு பழங்கதை உண்டு. விண்டோஸ் 95, 98 இரண்டிலும், தொடர்ந்து 49.7 நாள் ஓடினால் கணினி உறைந்துபோகும் பிழை இருந்தது. நேரத்தை மில்லி நொடியாக எண்ணும் 32 பிட் எண்ணி அத்தனை நாளில் நிரம்பிவிடும். அந்தப் பிழையை வடசென்னையில் யாரும் சந்தித்திருக்க வாய்ப்பில்லை. 49 நாள் தொடர்ந்து கரண்ட் இருந்தால்தானே?

9 நவம்பர்

இரவெல்லாம் ஓடவிடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், சோம்பலால் அல்ல, கணக்குப் பார்த்ததால்தான் வந்தது. பி.எஸ்.என்.எல். அகலப்பட்டையின் சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது முன்பு கணக்கில் சேராமல் இருந்தது. அலாரம் வைத்து எழுந்து இறக்கத்தைத் தொடங்கிவிட்டுப் படுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே பலர். இன்று அந்த 2 மணிக்குப் பொருளில்லை. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

2012இல் சென்னைக்கு நாளுக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு இருந்தபோது, நேரம் முன்கூட்டியே தெரிந்ததால் நாமே முறையாக நிறுத்தினோம். அறிவித்துவிட்டு வரும் வெட்டு கணினிக்கு நல்லது. வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் இருட்டில் இருந்தவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை.

என் தொழில் வீட்டிலேயே கணினியில் அச்சுப் பக்கம் கோக்கும் டி.டி.பி. திருமண அழைப்பிதழ்காரர்கள் பொறுமையாக வருவார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வருபவர்கள் இரவு பதினொன்றுக்கும் வருவார்கள், விடிவதற்குள் ஒட்ட வேண்டும் என்பார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் கணினி கிளம்பட்டும் என்று அவர்களைக் காக்கவைப்பது எனக்குச் சங்கடமாக இருந்ததால்தான் நானும் வெகுகாலம் இரவில் ஓடவிட்டேன். ஸ்லீப்புக்கு மாறிய பிறகு அந்தத் தேவை போய்விட்டது. விசையைத் தொட்டால் சில நொடியில் பாதியில் விட்ட பக்கமே திறக்கிறது.

17 நவம்பர்

பணத்தைத் தவிர வேறு காரணமே இல்லையா என்று திருவொற்றியூரிலிருந்து கேட்டிருக்கிறார்கள். உண்டு, அது நம் வாசலிலேயே இருக்கிறது. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 0.7 கிலோ எரிக்க வேண்டும். மேலே சொன்ன 57 யூனிட்டுக்கு 40 கிலோ. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல் என்பதால், யாரும் பார்க்காத திரைக்கும் தொடாத விசைப்பலகைக்குமாக இரண்டு மாதத்தில் 14 கிலோ சாம்பல்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு அது எங்கோ போகிறது. நமக்கு அப்படியில்லை. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் ஓடுகிறது. மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் அலகு 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. சாம்பல் குழம்பு போகும் குழாய்களும் சாம்பல் குட்டையும் கொசஸ்தலை ஆற்றங்கரையில்தான் இருக்கின்றன. நகரம் முழுவதும் எரியும் விளக்கின் சாம்பல் வடக்கே வந்து விழுகிறது.

18 நவம்பர்

“நீங்கள் ஒரு கணினியை அணைத்தால் அத்திப்பட்டு நின்றுவிடுமா?” என்று கேட்டவருக்கு: நிற்காது. என் 57 யூனிட்டை எந்த உலையும் கண்டுகொள்ளப் போவதில்லை, காற்றாலை மின்சாரமும் அதே கம்பியில்தான் வருகிறது. இருந்தாலும், எண்ணூருக்குப் போய்ப் போராட்டக் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கணினி காலையிலிருந்து சும்மா ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. இது வாதமில்லை என்பது தெரியும்.

1 டிசம்பர்

நேற்று ஃபெஞ்சல் புயல். இதுபோன்ற நாளில் ஸ்லீப், ஹைபர்னேட் என்று நுணுக்கம் பார்க்க வேண்டாம். முழுதாக நிறுத்தி, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, இணையப் பெட்டிக்கு வரும் கம்பியையும் கழற்றுங்கள். தொலைபேசிக் கம்பியோ கேபிளோ செம்பாக இருந்தால் இடி அதன் வழியாகவும் வரும். கண்ணாடி இழைக்கு அந்த ஆபத்து இல்லை, அதன் அடாப்டருக்கு உண்டு. தரைத்தளத்தில் இருப்பவர்கள் பெட்டியையும் யூ.பி.எஸ்.ஸையும் கட்டில்மேல் ஏற்றிவிடுங்கள். 2015 வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும், தண்ணீர் புகுந்த வீடுகளில் டிவி தப்பிப் பெட்டி போனதற்குக் காரணம், பெட்டி எப்போதும் மேசைக்கு அடியில் தரையில் இருப்பதுதான். உங்கள் கணவர் பிளக்கைப் பிடுங்குவது நேற்று மட்டும் முற்றிலும் சரி, அம்மா.

8 டிசம்பர்

தண்டையார்பேட்டை அம்மா மீண்டும் எழுதியிருக்கிறார்: மகன் ஸ்லீப்புக்கு ஒப்புக்கொண்டுவிட்டான், ஆனால் கணவர் சுவர் சுவிட்சை அணைப்பதால் கணினியில் தேதி பழைய ஆண்டைக் காட்டுகிறது, வங்கித் தளம் திறக்க மறுக்கிறது.

மதர்போர்டில் சி.ஆர். 2032 என்ற காசு வடிவ பேட்டரி இருக்கிறது. சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்போது கடிகாரம் சுவர் மின்சாரத்தில் ஓடும். அணைத்துவிட்டால் அந்தக் காசு மட்டுமே தாங்கும். தினமும் அணைத்தாலும் சில ஆண்டுகள் வரும், பிறகு தீர்ந்துவிடும். தேதி பிசகினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றுவதால்தான் வங்கித் தளம் மறுக்கிறது. பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே வரும்படி மாற்றி, தேதியைச் சரிசெய்தால் போதும். அவர் தொடர்ந்து சுவர் சுவிட்சை அணைக்கட்டும். மகன் ஸ்லீப்பில் போட்டிருக்கும்போது அணைக்காமல் இருக்க, திரைக்கு மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். பெட்டியின் முன்விளக்கு மெதுவாக மின்னிக்கொண்டிருந்தால் உறங்குகிறது, விளக்கே இல்லையென்றால் அணைந்துவிட்டது என்பதையும் அதில் எழுதலாம்.